போர்த்தோவில் நாங்கள் தங்கிய அறை

யேவ்லே,
பிப்ரவரி 11

அன்பு மகள் இல்வாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை டெக்லனும் குழந்தை தூவாவும் பெர்த்தில் சுகமாக இருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். என்னைக் கேட்டால் உடம்புக்கு ஒன்றுமில்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்று நர்ஸ் சொன்னாள். அதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றும் வரவில்லை. இங்கே பனி இடுப்புயரம் கிடக்கிறது. உன் அத்தை பிரிட்டா வியாழக்கிழமை தவறாமல் பட்டாணி சூப் கொண்டுவருகிறாள், நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம், ஒரு தடவை அழுதுடு டோர்ஸ்டன், நாலு மாசமா கல்லு மாதிரி உக்காந்திருக்கே, எனக்குப் பயமா இருக்குடா என்றாள். வந்தா அழமாட்டேனாக்கா, வரலையே, என்ன பண்ணச் சொல்றே என்றேன். அவள்தான் அழுதாள். கல்லறைத் தோட்ட அலுவலகத்திலிருந்தும் போன் வந்தது. மண் இளகியதும் மே நான்காம் வாரத்தில் அம்மாவின் சாம்பலை அடக்கம் செய்யலாமாம், நீ வரும் தேதியைச் சொன்னால் அதையே குறித்துக்கொள்கிறார்களாம். நீ கேட்டபடி இருபத்திரண்டு என்று சொல்லிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒன்று கேட்டாய். அடக்கம் முடிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போர்த்தோவுக்கும் போய்வரப் போகிறேன், அம்மா கடைசியாக இருந்த அறையில் ரெண்டு நாள் இருக்கணும், அந்த ஹோட்டல் பேரைச் சொல்லுப்பா, அங்கேயே எடுத்துடறேன் என்றாய். நான் பேர் மறந்துவிட்டது, காகிதத்தைத் தேடிச் சொல்கிறேன் என்றேன். மறக்கவில்லை. தேடவும் ஒன்றுமில்லை. நீ சொன்ன ஹோட்டலில் நாங்கள் தங்கவே இல்லை. போனில் சொன்னால் நீ ஏதாவது சொல்வாய், அதற்கு நான் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும், அதனால் எழுதுகிறேன்.

ஜூலையில் நீ எட்டாயிரம் குரோனா அனுப்பினாய். அம்மாவுக்குச் சொல்லாதே, ஆத்தங்கரையோரம் லிப்ட் வெச்ச நல்ல ஹோட்டலா எடுத்து நேரா கொண்டுபோய் நிறுத்து, அவ வாயைப் பொளக்கணும் என்று எழுதியிருந்தாய். அந்த வாரம்தான் காரின் கியர்பாக்ஸ் போனது. மெக்கானிக் சொன்ன தொகையும் நீ அனுப்பிய தொகையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. பயணம் கிளம்புவதற்குள் ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து ஈடுகட்டிவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. சொல்லவும் இல்லை. அக்டோபரில் நாங்கள் விமானம் ஏறும்போது அம்மாவுக்கு அந்தப் பணத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, அது செலவாகிவிட்டது என்று உனக்குத் தெரியாது.

அம்மாவுக்கு அறை தேடுவதில் ஒரு முறை உண்டு, உனக்கும் தெரிந்திருக்கும், ஆனாலும் குழந்தையோடு போகிறவள் என்பதால் எழுதுகிறேன். முதல் ராத்திரிக்கு மட்டும் முன்பதிவு செய்வாள். மறுநாள் காலை பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்துபோய் நாலு இடம் பார்ப்பாள். படத்தைப் பார்த்துப் பணம் கட்டறவன் படத்துலதான் தூங்கணும் என்பாள். உள்ளே போனதும் முழங்காலால் மெத்தையை அழுத்துவாள், வெந்நீர்க் குழாயைத் திறந்து கையை நீட்டிக்கொண்டு நிற்பாள், சுவரைத் தொட்டு ஈரம் பார்ப்பாள், ஜன்னலைச் சாத்திவிட்டுத் தெருச் சத்தம் கேட்பாள். அன்றைக்கு இரண்டு இடம் பார்த்தோம். ஒன்று தரைத்தளம், நாற்பத்தைந்து ஐரோ, சுத்தமான இடம், வெளிச்சம் மட்டும் குறைவு. இன்னொன்று சாவி வெட்டும் கடைக்கு மேலே நாலாவது மாடி, லிப்ட் கிடையாது, முப்பத்தொன்று. கடைக்காரர் அபீலியுதான் சொந்தக்காரர், எழுபது வயதிருக்கும், ஒரு கால் சற்று இழுத்து நடப்பார், சிரிக்கத் தெரியாத முகம். இரண்டாவது மாடி வளைவிலேயே அம்மா நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏம்ப்பா, இது நம்ம வயசுக்கு ஏறற வீடு இல்லப்பா என்றாள். நான் மேலே நின்றுகொண்டு, ஒரு நாளைக்குப் பதினாலு ஐரோ மிச்சம் குன்வோர், பத்து நாளைக்குக் கணக்குப் போட்டுப் பாரு என்றேன். அவளிடம் என்ன சொன்னால் ஏறுவாள் என்று எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷம் அஞ்சலக வங்கியில் உட்கார்ந்தவள். ஏறினாள். ஜன்னலைத் திறந்ததும் கீழே ஆறும் எதிர்க்கரைக் கூரைகளும் தெரிந்தன. சரி போ, படி ஏறி இறங்கினா காலையில தின்ன கஸ்டர்ட் கேக்குக்கு ஈடாயிடும் என்று சிரித்தாள். அறை அவளுக்குப் பிடித்திருந்தது, அது உண்மை. உன் பணம் கையில் இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் பிடித்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. மறுநாள் உனக்கு போன் பண்ணினாளே, ரூம் எப்படிம்மா என்று நீ கேட்டதற்கு, ஜன்னலைத் திறந்தா ஆறு தெரியுதுடி என்றாளே, நீ உன் ஹோட்டலைச் சொல்கிறாள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அபீலியுவுக்கு கார்டெல்லாம் ஆகாது. காசு, கையில, தினமும் என்று மூன்று வார்த்தை இங்கிலீஷில் சொன்னார். நம் ஊரில் நோட்டைத் தொட்டு எத்தனை வருஷமாயிற்று, அம்மாவுக்கு ஒரே உற்சாகம். தெருவோரம் நிற்கும் இயந்திரத்தில் எடுக்கக்கூடாது என்று வங்கிக்குள் கூட்டிக்கொண்டு போனாள். குரோனாவில் எடுக்கிறாயா ஐரோவில் எடுக்கிறாயா என்று திரையில் கேட்டது. ஐரோவத் தொடு, நம்ம குரோனாவத் தொட்டா அவன் வெச்சதுதான் மாத்து விலை, நம்ம தலையில நல்லா அரைச்சுடுவான் என்றாள். நீயும் அப்படியே செய். எடுத்த பணத்தை மூன்றாகப் பிரித்தாள், கைப்பையில் ஒன்று, என் மாத்திரை டப்பாவில் ஒன்று, மூன்றாவதை எங்கே வைத்தாள் என்று சொல்லவில்லை. உனக்குத் தெரிஞ்சா அது ஒளிச்ச எடம் இல்லியே என்றாள். கார்டின் ரகசிய எண்ணையும் அவள்தான் எப்போதும் அழுத்துவாள், நான் பக்கத்தில் நிற்பதோடு சரி. நான்கு நாள் நன்றாகப் போனது. அதை அப்படியே எழுதிவைக்கிறேன், நன்றாக இருந்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம் சந்தைக்குப் போய் வந்தோம். பை என் கையில் இருந்தது, அவளிடம் ஒன்றும் இல்லை. மூன்றாவது மாடி தாண்டினதும் நின்றாள். நீ போய் கதவைத் திற, காபிக்குத் தண்ணி வை, நான் மூச்சு வாங்கிட்டு வரேன் என்றாள். முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. நான் போனேன். கதவைத் திறந்தேன், ஜன்னலைத் திறந்தேன், தண்ணீர் வைத்தேன், சந்தையில் வாங்கியதை எடுத்து மேசையில் அடுக்கினேன். தண்ணீர் கொதித்த பிறகுதான் அவள் வரவில்லை என்று பட்டது. வெளியே வந்து பார்த்தால் படியில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். கூப்பிட்டேன். அபீலியு எப்படி வந்தார் என்று தெரியவில்லை, நான் கத்தினேனாம், எனக்கு ஞாபகமில்லை. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. அதில் வந்த பிள்ளைகள் வெகுநேரம் பாடுபட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர், பெண், இதயம் என்றாள். நான் படிகளைப் பற்றிக் கேட்டேன். படி காரணமில்ல சார், உங்க வீட்டுச் சமையலறையில நின்னுட்டிருக்கும்போதே வந்திருக்கலாம் என்றாள். வந்திருக்கலாம் என்றுதான் சொன்னாள். உன்னிடம் போனில் சொன்னபோது இதய நோய், திடீரென்று, வலியில்லை என்று மூன்று விஷயம் சொன்னேன், படியைச் சொல்லவில்லை. நீ எட்டு மாதக் கர்ப்பம், அதனால் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழந்தை பிறந்து மூன்று மாதமாகிறது, அந்தக் காரணமும் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அங்கே இருந்தேன். காகிதங்கள் வரவேண்டும், முத்திரை வேண்டும், தகனம் முடிந்து சாம்பல் வரவேண்டும். நம் தூதரகத்துப் பெண்மணி நல்லவள், எல்லாப் படிவத்தையும் அவளே எழுதி எங்கே கையெழுத்து என்று விரலால் காட்டினாள். வீட்டுக் காப்பீட்டோடு சேர்ந்த பயணக் காப்பீட்டிலிருந்தே பெரிய செலவுகளை நேராகக் கட்டிவிட்டார்கள், நீயும் பயணத்துக்கு முன் உன் காப்பீட்டில் என்னென்ன அடக்கம் என்று ஒரு தடவை படித்துவிடு. என் சாப்பாடு, வாடகைப் பாடுதான் இருந்தது. கைப்பைப் பணம் தீர்ந்ததும் இயந்திரத்துக்குப் போனேன். எண் ஞாபகம் வரவில்லை. என் சொந்தக் கார்டு, என் சொந்த எண். மூன்று தடவை தப்பாக அழுத்தினேன், கார்டை விழுங்கிவிட்டது. வெளியே வந்து ஒரு சுவரோரம் நின்றேன், பதற்றம்கூட வரவில்லை. மாத்திரை டப்பாவில் இருந்ததை வைத்து நாலு நாள் ஓட்டினேன், ரொட்டியும் சூப்பும். அதுவும் தீர்ந்தபோது மூன்றாவது பங்கு எங்கே என்று யோசித்தேன். ஆஸ்பத்திரியில் அவள் துணிகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள், நான் அதைத் திறக்காமல் அலமாரியின் அடியில் வைத்திருந்தேன். வாடகை கொடுக்க வேண்டியிருந்ததால் திறந்தேன். அந்த நீலக் கோட்டின் உள்துணியில் ஊக்கு போட்டுக் குத்தி வைத்திருந்தாள், நான்கு ஐம்பது ஐரோ நோட்டுகள். வெளிப் பாக்கெட்டில் ஒரு சின்ன ஆரஞ்சுப் பழம் இருந்தது. அதை உரித்துத் தின்றேன். இனிப்பாக இருந்தது. ஏன் தின்றேன் என்று கேட்காதே, பசித்தது என்றுதான் நினைக்கிறேன்.

அறையை மாற்றிக்கொள்கிறாயா, கீழே கடைக்குப் பின்னால் ஒரு கட்டில் போட்டுத் தருகிறேன் என்று அபீலியு சைகையில் கேட்டார், வேண்டாம் என்றேன். வாடகையை அவர் ஒரு நாள்கூட விடவில்லை. சொன்னால் பிரிட்டாவுக்குக் கோபம் வருகிறது, என்ன ஜென்மம் அந்த ஆளு, பொண்டாட்டி செத்தவன்கிட்ட கையை நீட்டுவானா என்றாள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது இல்வா, மற்ற எல்லாரும் என்னைப் பார்க்கும்போது குரலைத் தணித்துக்கொண்டார்கள், அவர் மட்டும் முப்பத்தொன்று என்றார். முன்பு நாங்கள்தான் கீழே கடையில் கொண்டுபோய்க் கொடுப்போம். அம்மா போன மறுநாளிலிருந்து அவரே அந்தக் காலை இழுத்துக்கொண்டு நாலு மாடி ஏறிவந்து கதவைத் தட்டினார், பணத்தை வாங்கினார், அடுப்பை எட்டிப்பார்த்தார், படுக்கையைப் பார்த்தார், இறங்கிப் போனார். ஊருக்கு வந்து சில வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, பணத்துக்காக மட்டும் ஏறியிருக்கமாட்டார்.

நீ போவதென்றால் போ, தடுக்கவில்லை. ஆனால் அந்த அறையில் குழந்தையோடு தங்காதே, குழந்தை வண்டியைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது, டெக்லன் சுமந்தாலும் வேண்டாம். லிப்ட் இருக்கிறதா என்று முதலில் கேள், இருக்கிறது என்றால் வேலை செய்கிறதா என்று கேள். விலை கொஞ்சம் கூடினால் கூடட்டும். இரண்டு கார்டும் ஒரே பையில் வேண்டாம், உன் எண்ணை நீயே அழுத்திப் பழகு, டெக்லனையும் அழுத்தச் சொல். எட்டாயிரத்தை நான் திருப்பித் தருகிறேன் என்று எழுத உட்கார்ந்தேன், எழுதிப் பார்த்தபோது அசிங்கமாக இருந்தது, அடித்துவிட்டேன். மேயில் நீ வரும்போது என்ன சொல்கிறாயோ அப்படியே.

முகவரி இந்தத் தாளின் பின்புறம் இருக்கிறது. அறையைப் பார்க்க மட்டும் என்றால் கடையில் போய் அம்மாவின் பேரைச் சொல், சாவி கொடுப்பார், காசு கேட்டாலும் கேட்பார், கொடுத்துவிடு. ஒன்று மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன், நீயாகப் பார்த்தால் அதிர்ச்சியாக இருக்கும். அம்மா போன பிறகு ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, காகித வேலையாகப் போய்விட்டு வந்து ஏறும்போது மூன்றாவது மாடி தாண்டிய திருப்பத்தில் ஒரு மர நாற்காலி கிடந்தது. அதுவரை அங்கே ஒன்றும் கிடையாது. பின்கால்களில் புதிதாகத் திருகாணி போட்டுச் சுவரோடு இறுக்கியிருந்தது. அபீலியுவின் வேலைதான், நான் அதைத் தாண்டித் தாண்டிப் போய்வந்தேன். கிளம்பிய அன்று காலை சாம்பல் பெட்டி வைத்த பையோடு இறங்கும்போது அதில் உட்கார்ந்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டேன். ஏதாவது வரும் என்று காத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. கீழே யாரோ சாவி வெட்டக் கொடுத்திருந்தார்கள், அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மாடிக்கு வந்த ஒரு பெண் எனக்கு வழிவிட்டுச் சுவரோரமாக ஏறிப்போனாள். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறேன், விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று அபீலியுதான் வந்து என் தோளைத் தட்டினார்.

தூவாவுக்கு நோய்நொடி இல்லாமல் வளர என் ஆசிகள், உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு. மே மாதம் இங்கே இன்னும் குளிரும், குழந்தைக்குக் கம்பளித் தொப்பி மறக்காதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் செய்யாதே. கோபம் வந்தால் கோபமாகவே எழுது, ஒரு வரியானாலும் எழுது, நான் தினமும் பதினொரு மணிக்குத் தபால் பெட்டியைப் போய்ப் பார்ப்பேன்.

உன் அப்பா,
டோர்ஸ்டன்