பேஸ்போல் கிண்ணத்தைக் கைவிட்ட அண்ணைக்கு

என் ஆசை அண்ணை,

நேற்று உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தது. ஒபர்வில்லியே மண்டபம் நிறையச் சனம். சாப்பாடும் நல்ல சாப்பாடுதான், நான்தான் சாப்பிடவில்லை. துக்கத்தால் அல்ல, கோபத்தால்.

உங்கள் நினைவாக அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தில் தவம் அண்ணை ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். ரூ காய் தெருவில் கடை வைத்திருப்பவர், உங்கள் பேஸ்போல் அணிக்குத் தலைவராக இருந்தவர், அவரேதான். ‘நடுவரின் சூழ்ச்சியால் உலகக் கிண்ணத்தை இழந்த ஒப்பற்ற வீரன்’ என்று தலைப்பு. அச்சுக்குப் போக முன் எனக்கு யாரும் காட்டவில்லை.

உலகக் கிண்ணமாம். வந்தது இரண்டே இரண்டு நாடு. பிரான்ஸ் என்று நீங்கள், இங்கிலாந்து என்று அவர்கள். இரண்டு பக்கமும் ஊரில் மட்டையும் பந்துமாக எல்லே அடித்த எங்கள் பெடியள்தான். கிழமை முழுக்க உணவகங்களில் கோப்பை கழுவிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டையைத் தூக்கியவர்கள். முதல் சர்வதேசப் போட்டி என்று பதாகை கட்டியபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் நீங்கள் விளையாடியதில் பகிடி இருக்கவில்லை.

ஆட்டத்தைச் சமன் செய்யும் ஓட்டத்துக்காக இங்கிலாந்தின் கடைசி ஆள் கடைசித் தளத்துக்கு ஓடி வந்தான். அவன் மிதிக்க முன் நீங்கள் கையுறையால் அவன் தோளில் தட்டினீர்கள். நடுவர் அவுட் என்று கையைக் காட்டினார். கிண்ணம் எங்களுக்கு என்று எல்லோரும் மைதானத்துக்குள் ஓடினார்கள். நீங்கள் மட்டும் நடுவரிடம் போய், “நொன், முசியே” என்று மறுத்து வலது கையை விரித்தீர்கள். பந்து அந்தக் கையில் இருந்தது. தட்டியது வெறும் கையுறை. பந்து இருக்கிற கையால் தொட்டால்தான் அவுட். நடுவர் தன் முடிவை மாற்றினார், அடுத்த அடியிலேயே அவர்கள் இன்னோர் ஓட்டம் எடுக்க நாங்கள் தோற்றோம்.

அதற்குப் பிறகு தவம் அண்ணை உங்களைக் காட்டிக்கொடுத்தவன் என்று சொல்லித் திரிந்தார். லாச்சப்பல் கடைத்தெருவில் எதிரே கண்டால் மற்றப் பக்கம் மாறிப் போவார். உங்கள் கலியாணத்துக்கும் வரவில்லை. “விடு பிள்ளை, அந்தாளுக்குக் கிண்ணத்திலை ஆசை” என்று சிரித்தீர்கள். ஏன் அண்ணை சிரித்தீர்கள்? ஒரு நாளாவது வாய் நிறைய ஏசியிருக்கக் கூடாதா?

இப்போது தவம் அண்ணையால் உங்களைத் திட்ட முடியாது, செத்துவிட்டீர்கள். அதனால் அந்தப் பாவப்பட்ட நடுவரைப் பிடித்துக்கொண்டார். உங்கள் வாழ்நாளில் நீங்கள் செய்த மிக நல்ல காரியத்தை உங்களிடமிருந்தே பிடுங்கிவிட்டார்.

மண்டபத்தில் அவர் அதை வாசிக்கத் தொடங்க, நான் எழும்பிவிட்டேன்.

“நடுவர் ஒண்டும் செய்யேல்லை, தவம் அண்ணை. கிண்ணத்தை விட்டுக்குடுத்தது என்ரை அண்ணை.”

“தங்கச்சி, செத்த மனுசனைப் பற்றி நல்லாத்தானே எழுதியிருக்கிறன்.”

“அவர் செய்ததை எழுதுங்கோ.”

“அப்ப, அவராலைதான் தோத்தனாங்கள் எண்டு போடவோ?”

“ஓம். அதைத்தான் போடுங்கோ.”

அவர் மைக்கை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். அண்ணி என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார்.

வருஷத் திவசத்துக்கு நானே எழுதுவேன், அண்ணை. அன்றைக்குப் பிரான்ஸ் தோற்றது உங்களால்தான் என்று, தலைப்பிலேயே, கொட்டை எழுத்தில் போடுவேன்.

உங்கள் வாயாடித் தங்கச்சி,
வதனி