கும்பா என்றது தப்பில்லை

என்னங்க,

இன்று காலை பழைய சோறு கரைக்கக் கை போன போக்கில் உங்கள் சாப்பாட்டுக் கிண்ணத்தை, அந்தக் கும்பாவை எடுத்துவிட்டேன். மோர் வாசம் மூக்கில் ஏறியதும் நீங்களே எதிரில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. ஆனால் உட்கார்ந்து அழவில்லை. பத்து மணிக்குத் தென்காசி போக வேண்டும் என்று நேற்றே முடிவு செய்திருந்தேன். போயும் வந்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கல்யாணமான புதிதில், "ஏட்டி, கும்பாவ எடுத்துட்டு வா" என்றீர்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு அது போசி. கும்பாவை நான் என்ன கண்டேன்? பூஜைக்கு வைத்திருந்த கும்பத்தைத் தேங்காய், மாவிலையோடு அப்படியே தூக்கி வந்து உங்கள் முன்னால் வைத்தேன். "சோறு திங்க வந்தவனுக்குக் கும்பாபிஷேகமே பண்ணிருவ போலிருக்கே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு சமாதானமாகச் சொன்னீர்கள்: "நீ செஞ்சது பெரிய தப்பில்லட்டி. ரெண்டும் ஒரே பேருதான். வடமொழில கும்பம்னா குடம். கோயில் உச்சியில இருந்தா கும்பம், அடுப்படிக்கு வந்தா கும்பா." குற்றாலம் பஸ்ஸில் கண்டக்டர் வேலை, நாள் முழுக்க ஊர்ப்பேர் கூவிய வாய். வீட்டுக்கு வந்தும் ஓயாது.

அந்த வாய்தான் பக்கவாதத்தில் கட்டிக்கொண்டது. தென்காசிக்குப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போனேன். பயிற்சி கொடுக்கும் பெண் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். எதற்கும் வாய் திறக்காத நீங்கள், ஒரு படத்தைப் பார்த்ததும் தெளிவாகச் சொன்னீர்கள்: "கும்பா."

"இல்ல ஐயா, கிண்ணம்" என்று அவள் தாளில் பெருக்கல் குறி போட்டாள். இன்னும் உரக்க, "கும்பா" என்றீர்கள். நானும் அவளோடு சேர்ந்துகொண்டேன். "கிண்ணம்னு சொல்லுங்க." என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். அதன் பிறகு எந்தப் படத்துக்கும் வாய் திறக்கவில்லை. கண்ணை மூடும் வரைக்கும்.

இன்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன், "எங்க வீட்டுக்காரர் தாளு இருக்கா?" தேடி எடுத்தாள். கும்பா, பக்கத்தில் சிவப்புப் பெருக்கல்.

"இது எங்க ஊர்ப் பேரும்மா. சரின்னு போடு."

"நான் வெளியூரு, எனக்குத் தெரியாதும்மா. அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"ஆமா. சொல்லியிருக்கணும். அந்தப் பாவம் என்னோடது. இனி படத்தைக் காட்டுறதுக்கு முன்னால, வீட்டுல இதை என்னன்னு சொல்லுவாங்கன்னு கேட்டுக்கோ. கேக்கறேன்னு சொல்லு, அப்பத்தான் எந்திரிப்பேன்."

அவள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. பெருக்கலை அடித்துவிட்டுச் சரி போட்டாள்.

அடுத்து திருவேங்கடத்திலிருந்து, உங்களைப் போலவே பேச்சு வராத ஒரு விவசாயி மனைவியோடு வந்தார். அந்தப் பெண் கிண்ணப் படத்தை எடுத்து, வீட்டில் இதை அவர் என்ன சொல்வார் என்று அந்தம்மாவிடம் கேட்டாள். "போணிம்பாரு" என்றார் அந்தம்மா. படத்தை அவரிடம் காட்டினாள். அந்த மனிதர் தொண்டையைச் செருமினார், நெற்றியெல்லாம் வேர்த்தது. "போ... ணி."

"சரிதான் ஐயா!" என்று அந்தப் பெண் கை தட்டினாள். அடுத்த படத்தை அவரே கை நீட்டி வாங்கினார்.

வீட்டுப் பேரைக் கேட்கிறாளா என்று பார்க்க வாரா வாரம் போகப் போகிறேன். யார் தடுத்தாலும் சரி. ஆனால் உங்களிடம் ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். அன்று நீங்கள் பேசினீர்கள். நான்தான் நிறுத்திவிட்டேன்.