மானம் கப்பலேறும் முன்

கந்தப்பளை,
புதன்கிழமை, அந்தி ஐந்தரை.

அன்புள்ள மகள் பிரேமினிக்கு,

அறிவித்தல். லயத்து ஒன்பதாம் இலக்கக் காம்பரா வீட்டில் வசிக்கும் செவலைக் கோழி, பதினேழு நாள் வேலைநிறுத்தத்தைக் கைவிட்டு, இன்று காலை ஆறு பத்துக்கு முட்டை ஒன்றை இட்டு மீண்டும் கடமைக்குத் திரும்பியுள்ளது என்பதை உற்றார் உறவினர் அனைவருக்கும் அறியத்தருகிறோம். (அக்கா, இது டக்ளஸ். அம்மாவுக்கு இன்றைக்கு எழுதக் கை ஓடவில்லையாம். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். பேச்சு அம்மாவுடையது, பள்ளிக்கூடத் தமிழ் என்னுடையது. இப்படி அடைப்புக்குறிக்குள் வருவது மட்டும் என் சொந்தச் சரக்கு. கோழிச் செய்தியை அம்மாதான் சொன்னார், தப்பறைந்து ஊருக்கு அறிவித்தது நான்.)

மகளே, மாதா புண்ணியத்தில் நாங்கள் மூன்று பேரும் சுகம். தண்ணீருக்கு நடுவில் இருக்கிற நீயும் சளி, காய்ச்சல் அண்டாமல் சுகமாய் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலை சொல்கிறேன். அப்பா மஸ்கெலியாவில் கட்டட வேலையில் நிற்கிறார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார், அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. இங்கே ஒரு வாரமாகத் தூறல் விடவில்லை, துவைத்த துணி காயவில்லை. கப்பல் கரை தொட்டால்தான் உன் போனுக்கு உயிர் வரும், வந்தாலும் இரண்டு வார்த்தையில் அறுந்துபோகும். அதனால் நாளைக்கு உன்னிடம் திரும்பி வரப்போகிற உன் அறைக்காரர்கள் கையிலேயே இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். அவர்கள் வாயால் நீ கேட்பதற்கு முன் என் வாயால் கேட்க வேண்டிய ஒரு சங்கதி இருக்கிறது.

கப்பலில் நீ கூட்டித் துடைக்கிற அறையில் இருக்கும் புருஷன் பெண்சாதி இரண்டு பேர் கொழும்பில் இறங்கி, மூன்று நாள் நம் பக்கம் தங்கிவிட்டு, திருகோணமலையில் மறுபடியும் கப்பல் ஏறுவார்கள் என்று போன மாதமே சொன்னாய். கப்பல் பயணத்துக்கு நடுவில் தரையிலும் ஒரு தங்கல் வைத்துத்தான் இப்போது கூட்டிவருகிறார்களாம். அவர்களுக்கு நம் தோட்டத்தில் மூன்று நாள், என் பிள்ளைக்குத் துறைமுக வாசலில் நான்கு மணித்தியாலம். போகட்டும். திங்கட்கிழமை நானுஓயாவில் ரயில் இறங்கி வந்து பழைய துரை பங்களாவில் தங்கினார்கள். அது இப்போது ஹோட்டல் என்று உனக்குத் தெரியும். (திரை கடந்து தரை தொட்ட துரை. இதை வாசலிலேயே எழுதி வைக்கலாம்.) அன்று அந்தியே ஹோட்டல் வாட்சர் வீரய்யா நம் லயத்து வரிசை வீட்டுக்கு வந்து, நாளைக்கு நாலு மணிக்குப் பிரேமினியின் அம்மாவைப் பார்க்க அவர்கள் வருகிறார்களாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை. வாசல் சுவருக்கு ஒரு கை சுண்ணாம்பு அடித்துவிடலாம் என்று வாளியில் கரைத்துக்கொண்டிருந்தேன். அப்போது தம்பி வந்து பக்கத்தில் நின்று, "அம்மா, நீங்க மலையில இருக்கிறப்ப அக்கா கொழும்பில இருந்து போன் எடுத்தா. அவங்கள லயத்துக்குக் கூட்டிட்டு வரவேணாமாம். வேற நல்ல எடத்தில வச்சுப் பேசச் சொன்னா" என்றான். நான் வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

கோபம் இல்லை மகளே. பெரிய பெரிய ஆட்களோடு பழகுகிற பிள்ளை, உனக்கும் நாலு பேர் மத்தியில் ஒரு மரியாதை வேண்டும்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மலை வேலையை மேற்பார்க்கிற நம் கண்டாக்கையா யோகேஸ்வரன் குடும்பத்தோடு மட்டக்களப்புக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். வீட்டைக் கூட்டிப் பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காகச் சாவியை என்னிடம் தந்திருந்தார். (அந்த வீட்டையே நம் வீடாகக் காட்டலாம் என்பது என் மூளை. பெருமைக்குச் சொல்லவில்லை, வரலாற்றுக்குச் சொல்கிறேன். மொழிபெயர்ப்பும் நானே. நான் பேசிய இங்கிலீஷில் அந்த வீட்டு ஓடு நாலு கழன்றிருக்கும்.) நேற்று கண்டாக்கையாவைக் கேட்காமல் அவர் வீட்டைத் திறந்தேன், தம்பி அவர்களை அங்கே கூட்டிவர, ஐயாவின் கோப்பைகளை எடுத்துத் தேத்தண்ணி ஊற்றினேன். சுவரில் அவருடைய கல்யாணப் படம் தொங்கியது. இது யார் என்று அந்தத் துரைசானி கேட்க, தம்பி கூசாமல் பெரியப்பா என்றான். (எதிர்பாராத கேள்வி. அந்த நிமிஷமே ஒரு பெரியப்பாவைப் பெற்றுக் கொடுத்தேன்.) பக்கத்தில் பிள்ளையார் படம், சாம்பிராணித் தட்டு. நீ கழுத்தில் சிலுவை போட்டிருப்பதைத் தினமும் பார்க்கிற மனுஷி அதையும் ஒரு தரம் உற்றுப் பார்த்தார். மார்கிட் என்பது அவர் பெயராம். அவர் புருஷனுக்குக் காது கொஞ்சம் மந்தம், எல்லாவற்றுக்கும் சிரிக்கிறார்.

பதினொரு வருஷம் அந்த ஹாலைக் கூட்டியிருக்கிறேன் மகளே, ஒரு நாளும் அந்தக் கதிரையில் உட்கார்ந்ததில்லை. நேற்று உட்காரப் பார்த்தேன், முட்டி மடங்கவில்லை. உட்காருங்கள், உட்காருங்கள் என்று அந்த அம்மா இரண்டு தரம் கையைக் காட்டினார். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். அப்புறம் அவர் தானும் எழுந்துகொண்டார். அதைப் பார்த்து அவர் புருஷனும் எழுந்தார். கதிரைகளைச் சும்மா விட்டுவிட்டு நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டே தேத்தண்ணி குடித்தோம். அந்த வெட்கத்தை எந்த வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது.

அதற்குப் பிறகுதான் அவர் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். நம் நீலக் கதவு. நான் கொழுந்துக் கூடையோடு வாசலில் நிற்கிறேன், காலடியில் செவலைக் கோழி, மேலே கூரைத் தகரத்தில் காற்றுக்குப் பறக்காமல் வைத்த கற்கள். பின்பக்கம் உன் கையெழுத்து. என்ன எழுதியிருக்கிறது என்று தம்பியைக் கேட்டேன். இது என் அம்மா, இது என் வீடு என்று எழுதியிருப்பதாகச் சொன்னான். இந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று அந்த அம்மா மெதுவாகக் கேட்க, அது எங்கள் பழைய வீடு, இப்போது நாங்கள் அங்கே இல்லை என்று இவன் சொல்லிவிட்டான். அவர் படத்தைத் திரும்பப் பையில் வைத்தார். போகும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வான் புறப்பட்டு, நம் லயத்துக்கு நேர் மேலே ரோட்டில் போய் நின்றது. அங்கிருந்து பார்த்தால் கீழே எல்லாம் தெரியும்தானே. நீலக் கதவு, தகரத்தில் அதே கற்கள், கொடியில் என் வேலைச் சட்டை, வாசலில் அந்தக் கோழி கூட. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வான் போனது. மானம் கப்பலேறிப் போச்சு என்று பேச்சுக்குச் சொல்வோம். நம் மானம் நாளைக்கு நிஜமாகவே திருகோணமலையில் கப்பல் ஏறப் போகிறது மகளே. (இதை நான் சொல்வதாக இருந்தேன். அம்மா முந்திக்கொண்டார். அம்மா சொன்னபோது சிரிப்பு வரவில்லை.)

இன்றைக்கு முழுக்க மலையில் இதே யோசனை. கொழுந்தோடு முற்றின இலையையும் சேர்த்து ஆய்ந்து கங்காணியிடம் ஏச்சு வாங்கினேன். அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்த பிள்ளை, லயத்தைக் காட்டாதே என்று எப்படிச் சொல்லும்? படத்தைக் கொடுத்த பிறகு அங்கே யாராவது உன்னைக் கேலி பண்ணினார்களா? கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தார்களா? அதனால்தான் அவசரமாகப் போன் எடுத்துத் தம்பியிடம் சொன்னாயா? அப்படி நடந்திருந்தால் அம்மாவிடம் மறைக்காதே. என்னைக் கண்டு நீ வெட்கப்பட்டாலும் தாங்கிக்கொள்வேன். எனக்காக நீ வெட்கம் சுமந்துகொண்டு அந்தத் தண்ணீரில் தனியாக நிற்பதைத்தான் தாங்க முடியாது.

நாளைக்கு எட்டு மணிக்கு அவர்கள் வான். தம்பியை விடியவே ஹோட்டலுக்கு அனுப்பி, ஏழு மணிக்கு நம் வாசலுக்கு வரச் சொல்லப் போகிறேன். உனக்குப் பிடிக்காவிட்டால் மன்னித்துக்கொள். வேலைக்குப் பேர் கொடுக்கிற காலைப் பெரட்டுக்குப் பிந்தினாலும் பரவாயில்லை. இருக்கிறது ஒரு முட்டைதான், ரொட்டிக்குள் அடித்துப் போட்டால் இரண்டு பேருக்குக் காணும். நம் பலகை பெஞ்சியில் உட்காரவைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தக் கடிதத்தை என் கையாலேயே கொடுப்பேன். கண்டாக்கையா வந்ததும் அவரிடமும் நானே போய்ச் சொல்லிவிடுவேன், சாவியைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுவேன். நீ ஈரக் காலோடு நின்று வேலை செய்யாதே. தலைக்கு எண்ணெய் வை. சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப் போடாதே. நான் கேட்டதற்கு மட்டும் மறக்காமல் பதில் சொல். எந்தக் கடலில் இருந்தாலும் உன் உச்சியில் என் கை இருக்கிறது என்று நினைத்துத் தூங்கு. மாதா உனக்குத் துணை.

இப்படிக்கு,
நீலக் கதவு வீட்டிலிருந்து
உன் அம்மா,
இசபெல்.

அக்கா, அம்மா கையெழுத்தை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போயிருக்கிறார். இதற்கு அடைப்புக்குறி போடவில்லை. உன்னை அங்கே யாரும் கேலி பண்ணவில்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நீ அப்படிச் சொல்லவே இல்லை. நீ போனில் சொன்னது, "தம்பி, அம்மாவ அந்தக் கதவுகிட்ட நிக்கச் சொல்லு. அவங்க அதைப் பாக்கத்தான் வாறாங்க" என்பது. ஓட்டைத் தகரத்துக்குக் கீழே, அழுக்குத் தண்ணீர் ஓடுகிற கானுக்குப் பக்கத்தில் நின்று இங்கிலீஷ் பேச எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. என் கூச்சத்தை உன் பெயரில் சொன்னால் அம்மா மறுபேச்சுப் பேசமாட்டார் என்று தெரிந்துதான் சொன்னேன். அம்மா வாளியைக் கீழே வைத்தபோதே சொல்லியிருக்கலாம். இன்றைக்கு எழுதுகிறபோதும் ஒவ்வொரு வரியிலும் சொல்லலாம் என்று பார்த்து, அடைப்புக்குறி போட்டுக் கோமாளித்தனம் பண்ணிவிட்டேன். அந்த இங்கிலீஷ் கதையும் பொய்தான். யெஸ், நோ, ஓல்ட் ஹவுஸ், அவ்வளவுதான் வந்தது, மிச்சத்தை அந்த அம்மா தானாகவே விளங்கிக்கொண்டார். இப்போது அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிறார். ஒட்டுவதற்கு முன் முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டு என்கிறார். கடைசி என்பது இந்த இடம்தான்.