பத்து நிமிடம் நின்றாய்

என் மகளுக்கு,

நேற்று கிளினிக்கிலிருந்து நேராக, பத்து காவான் ஊரிலிருக்கும் சித்தி வீட்டுக்கே போய்விட்டாய். சரிதான். அங்கேயே இரு.

கிளினிக்கில் படுத்திருந்தபோது உன் நாடி எழுபத்திரண்டு. எழுந்து நின்ற பத்தாவது நிமிடம் நூற்று முப்பது. உன் உதடு வெளுத்துவிட்டது. "நடிப்பு இல்லண்ணே. நின்னாலே இவ இதயம் தாறுமாறா ஓடுது. இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு வர்ற நோய்தான்," என்றார் டாக்டர். நின்றால் தலை சுற்றுகிறது என்று நீ சொல்வதை நடிப்பு என்று அவரிடம் சொன்னவன் நான். இரண்டு வருடமாக உன்னிடமும்.

பிறகு உன் நெற்றித் தழும்பைப் பார்த்து, "இது எப்படிமா?" என்று கேட்டார். நீ என் பக்கம் திரும்பாமல், "பாத்ரூம்ல வழுக்கிட்டேன் டாக்டர்," என்றாய்.

இன்று வேலைக்குப் போகாமல் அவரிடம் தனியாகப் போனேன். பள்ளிக்குப் போகமாட்டேன் என்றதற்காக உன்னை ஒரு மணி நேரம் சுவரோரம் நிற்கவைத்ததைச் சொன்னேன். "கண்ணு இருட்டுதுப்பா" என்று நீ கெஞ்சியும் உட்கார விடவில்லை, மேசை முனையில் விழுந்தாய் என்றும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

"இத நான் ரிப்போர்ட் பண்ணியாகணும், தெரியும்லா?"

"தெரியும் டாக்டர்."

குழந்தைகள் நலத்துறையிலிருந்து யாராவது வந்து உன்னிடம் கேட்பார்கள். நடந்ததைச் சொல். எனக்காக இனிப் பொய் சொல்லாதே.

அப்பா