கண்ணாடிகளுக்கு நடுவே முப்பத்தோரு உறைகள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஆறு குளியலறைக் கண்ணாடிகள் வெட்டினேன். ஒன்றில்கூட விளிம்பு பிசிறவில்லை. என் கையில் கண்ணாடி வெட்டும் கருவி இருக்கும்போது சூரியனே கடைக்கு வந்து தன்னைச் சரிபாதியாக வெட்டித் தரச் சொன்னாலும், "உட்காருங்க, டீ குடிச்சுட்டு வெட்டறேன்" என்பேன். வரலாறு இதை எழுதாது. ஆகவே நான் எழுதுகிறேன்.

ஐந்தேகாலுக்கு அக்கா மகள் கடைக்குள் புயல் போல நுழைந்தாள். பதினான்கு வயது. அவள் வாதாட ஆரம்பித்தால் சுவரே தலையாட்டும். அதனால் 'வக்கீல்' என்று பெயர் சூட்டியவன் நான்தான். முழங்கையில் சிராய்ப்பு. பள்ளி விடுவது நாலரை மணிக்கு. விளையாட்டுத் திடலைப் பூட்டுவது ஐந்து மணிக்கு. அதனால் மகாராணியின் ஓட்டப்பயிற்சி தெருவில், லாரிகளுக்கு நடுவே. இன்று ஒரு லாரியின் பின்பலகை முழங்கையில் உரசிவிட்டது.

"அது கிடக்கட்டும் மாமா. திடல் கேட்டுல நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. ஏப்ரல் ஒண்ணாம் தேதியிலேருந்து அது லாரி நிறுத்துற இடமாம்!"

மருந்து போட்டேன். அவள் கத்தவில்லை. திடலுக்காகத்தான் கண் கலங்கியிருந்தது.

மார்ச் 5, வியாழன்

வக்கீலின் பள்ளியில் குடிமையியலுக்குப் புது டீச்சர். புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டாராம். "ஊர்ல உங்களைக் கஷ்டப்படுத்தற ஒரு விஷயத்தை எடுங்க. அதை மாத்தற அதிகாரம் யார் கையில இருக்குன்னு கண்டுபிடிங்க. அந்தக் கதவைத் தட்டுங்க. திறக்கிற வரைக்கும் மார்க் கிடையாது." எங்கள் காலத்தில் நகராட்சியின் கடமைகள் எட்டையும் மனப்பாடமாக ஒப்பித்தால் போதும். நான் ஒன்பது சொல்லி அடி வாங்கியவன்.

ஏழு பிள்ளைகள் சேர்ந்து திடலை எடுத்திருக்கிறார்கள். திறந்து மூடும் நேரம் உட்பட எல்லா அதிகாரமும் திடல் குழுவின் கையில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டம். வரும் கூட்டம் மார்ச் 27. அன்று குழு ஆட்சேபித்துத் தீர்மானம் போட்டால் லாரி வராது. போடாவிட்டால் வரும். அவ்வளவுதான்.

மார்ச் 7, சனி

பிள்ளைகள் குழுத் தலைவரைப் பார்த்துவிட்டு நேராக என் கடைக்கு வந்தார்கள். தலைவர் யார் என்றால் நம் மருந்துக்கடைக்காரர். மருந்துச் சீட்டில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் திருப்பி அனுப்புகிற மனிதர்.

அவர் சொன்னது: குழுவில் ஐந்து பேர். ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் வெளிநாடு போய்விட்டார். புது ஆள் போடலாம் என்றால் அதற்கும் கூட்டம் நடக்க வேண்டும். கூட்டம் நடக்க மூன்று பேர் வேண்டும். அவரும் ஒரு தையற்கார அம்மாவும் தவறாமல் வருகிறார்கள். அந்த மூன்றாவது ஆள் மட்டும் ஒன்பது வருஷமாக வந்ததே இல்லை! முப்பத்தாறு தடவை இரண்டு பேரும் அரை மணி காத்திருந்துவிட்டுக் கலைந்திருக்கிறார்கள்.

"யார் சார் அந்த ஆள்?" என்று வக்கீல் கேட்டாளாம்.

"பேரைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லம்மா. ஆபீஸ்ல மனு குடுங்க. அஞ்சு வேலை நாள்ல பட்டியல் தருவாங்க."

மார்ச் 9, திங்கள்

மனு கொடுத்தாகிவிட்டது. பிள்ளைகள் தெருத்தெருவாகக் குடிமக்கள் கருத்து சேகரிக்கிறார்கள், நோட்டில், கையெழுத்தோடு. சும்மா விடுவேனா? நான் வாயைத் திறந்ததும் கடை ரேக்கிலிருந்த கண்ணாடிகள் எல்லாம் அதிர்ந்தன. ஏழு பேரும் மூச்சுவிடாமல் எழுதினார்கள்:

"வராத அந்த உறுப்பினர் சமுதாயத்தின் சுவரில் பூத்த பூஞ்சை. முப்பத்தாறு முறை கடமையைக் கொன்றவர். அவரை நாடு கடத்த வேண்டும். கப்பல் கிடைக்காவிட்டால் நானே தள்ளிக்கொண்டு போகிறேன்."

கீழே என் கையெழுத்து. மயில் தோகை விரித்தது போல அரைப் பக்கத்துக்கு.

மார்ச் 10, செவ்வாய்

அந்த ஆள் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்.

மார்ச் 14, சனி

நான்தான்.

அந்த ஆள் நான்தான்.

மார்ச் 15, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே, இந்த நோட்டிடமாவது.

நேற்று ஒருவர் அலமாரிக் கண்ணாடி கேட்டு வந்தார். வக்கீல் ஒரு பக்கம் பிடிக்க, ரேக்கிலிருந்து உருவினேன். கண்ணாடியோடு கண்ணாடி உரசிக் கோடு விழாமல் இருக்க நடுவில் காகிதம் வைப்பது எங்கள் தொழிலில் பாலபாடம். நான் வைப்பது பழுப்பு உறைகள். நகராட்சி அலுவலகத்திலிருந்து மூன்று மாதத்துக்கு ஒன்று தவறாமல் வரும். ஏதோ சுற்றறிக்கை என்று நினைத்தேன். நல்ல தடிமன், மெத்தென்றிருக்கும். பிரிக்காமல் அப்படியே செருகிவிடுவேன். அரசாங்கம் எனக்குச் செய்த ஒரே உபகாரம் என்று வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

ஒரு உறை கீழே விழுந்தது. எடுத்தவள் முத்திரையைப் பார்த்தாள். பிரித்தாள். படித்தாள். என்னைப் பார்த்தாள்.

"திடல் குழு உறுப்பினர் அவர்களுக்கு... மாமா, இதுல உங்க பேர் இருக்கு."

"வேற யாராவது இருக்கும்."

"கண்ணாடிக் கடைன்னும் இருக்கு."

பிறகுதான் ஞாபகம் வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், திடலை ஒட்டிய நகராட்சி அலுவலகத்தில், பந்து பட்டு உடைந்த கூட்ட அறை ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்டப் போனேன். முடித்ததும் யாரோ ஒரு பதிவேட்டை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்து" என்றார்கள். கண்ணாடி மாட்டியதற்குத்தான் என்று நினைத்தேன். எங்கெல்லாம் காலியாக இருந்ததோ அங்கெல்லாம் மயிலை ஆடவிட்டேன். 'உறுப்பினராக இருக்கச் சம்மதம்' என்ற வரிக்கு எதிரிலும் ஆடியிருக்கிறது போல.

வக்கீல் திட்டவில்லை. திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். உறையை மேஜைமேல் வைத்துவிட்டு, "நான் லாரிக்கு நடுவுல ஓடுறது உங்களாலதானா மாமா?" என்று மட்டும் கேட்டாள். போய்விட்டாள்.

என்ன மனுஷன்டா நீ? ஒரு உறையைப் பிரிச்சுப் பார்க்க முடியலையா உனக்கு? ஒரே ஒரு உறை?

மார்ச் 16, திங்கள்

கடையைத் திறப்பதற்கு முன்பே மருந்துக்கடைக்குப் போனேன். பக்கத்தில் தையற்கார அம்மாவும் இருந்தார், இருமல் மருந்து வாங்க. இரண்டு பேரிடமும் உண்மையைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"தெரியுமா! வாராவாரம் உங்ககிட்ட தலைவலி மாத்திரை வாங்கறேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நோட்டீஸ் அனுப்பறதுதான் விதி. நேர்ல கூப்பிடறது விதியில இல்ல. தவிர, கடையில நீங்க வாடிக்கையாளர்."

தையற்கார அம்மா சிரித்துவிட்டார். "விடுங்க தம்பி. உங்களுக்காகக் காத்திருந்த நேரத்துல நானும் சும்மா இருக்கல. எத்தனை சட்டைக்குக் காஜா எடுத்திருக்கேன் தெரியுமா?"

கடைக்குத் திரும்பி, தரையில் சாக்கட்டியால் கணக்குப் போட்டேன். முப்பத்தாறு அரை மணி. பதினெட்டு மணி நேரம். இரண்டு பேர் ஒரு கதவைப் பார்த்தபடி பதினெட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள், நான் வருவேன் என்று.

மாலை வக்கீல் வந்தாள். மற்ற ஆறு பேரோடும். கையில் அலுவலகம் கொடுத்த பட்டியல். "டீச்சர் சொன்னாங்க, கதவு எதுன்னு தெரிஞ்சா தட்டணுமாம். அதான் வந்தோம்" என்று என் கடைக் கதவில் டக் டக் என்று தட்டினாள்.

திறந்தேதான் இருந்தது. இருந்தாலும் எழுந்து போய் மூடிவிட்டு, மறுபடி திறந்தேன்.

மார்ச் 21, சனி

கடையில் ஒத்திகை. வக்கீல்தான் தலைவர். வெட்டும் மேஜைதான் கூட்ட மேஜை. நான் உறுப்பினர். என் அருமை மனைவி தையற்கார அம்மா வேடத்தில்.

பேச எழுந்தேன். மனிதன் குகையிலிருந்து வெளியே வந்து முதன்முதலில் ஓடிய காலத்திலிருந்து தொடங்கினேன். நான் சக்கரம் கண்டுபிடிக்கப்பட்ட இடத்துக்கு வருவதற்குள் இரண்டு பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பி வந்துவிட்டார்கள்.

"மாமா, ஒரு ஆளுக்கு மூணு நிமிஷம்தான். நீங்க பேசவே வேண்டாம். தீர்மானம் வரும்போது கையைத் தூக்குங்க, போதும்."

"கை தூக்கறதுக்கு ஒத்திகையா?"

"இத்தனை வருஷமா வீட்டு வேலைக்குத் தூக்காத கை" என்றாள் மனைவி. "ஒத்திகை வேணும்தான்."

பதினேழு தடவை தூக்கவைத்தார்கள். தோள்பட்டை கழன்று பக்கத்துத் தெருவில் விழுந்திருக்கும், மயிரிழையில் தப்பியது.

மார்ச் 24, செவ்வாய்

வக்கீல் வந்து ரேக் முழுவதும் துழாவி எல்லா உறைகளையும் உருவினாள். ஐந்து உறை கண்ணாடிகளோடு வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போயிருக்கும். அன்று கீழே விழுந்த புது அழைப்பைத் தவிர்த்து, பழசு முப்பத்தோரு உறை. எதற்கு என்று கேட்டேன். "உங்க முகத்துல ரகசியம் நிக்காது மாமா" என்றாள். அதில் ஒன்றை மட்டும் பிரித்துப் படித்தாள். எதையோ பார்த்துப் புன்னகைத்தாள். அந்தப் புன்னகை எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

மார்ச் 27, வெள்ளி

 இன்று நடந்ததை எழுதியே தீருவேன்.

ஐந்து மணிக்குக் கூட்டம். நாலே முக்காலுக்கே போய்விட்டேன். கல்யாணத்துக்குப் போட்ட சட்டையில் வயிறு தவிர மற்ற எல்லாம் நுழைந்தது. சுவரோரம் ஏழு பிள்ளைகளும் டீச்சரும். மருந்துக்கடைக்காரர் வீட்டிலிருந்து கொண்டுவந்த மெத்தையை நாற்காலியில் போட்டு அமர்ந்தார். தையற்கார அம்மா காஜா ஊசியைப் பைக்குள் வைத்தார். "இன்னைக்குத் தேவைப்படாதுன்னு நினைக்கறேன்."

தலைவர் வருகையைப் பதிவு செய்யும்போது நகராட்சி எழுத்தர் எழுந்தார். கையில் விதிப்புத்தகம். "ஒரு விஷயம். விதி பதினாலு. தொடர்ந்து மூணு கூட்டத்துக்கு வராதவர் உறுப்பினர் பதவியை இழப்பார். இவர் முப்பத்தாறு கூட்டத்துக்கு வரல. அதனால இவர் உறுப்பினரே இல்ல. கூட்டத்துக்குத் தேவையான ஆள் இல்ல. கலைச்சிடலாம்."

என் காதுக்குள் ஒரு முழுக் கண்ணாடித் தகடு கீழே விழுந்து உடைந்தது போல இருந்தது. மருந்துக்கடைக்காரர் முகத்தைப் பார்த்தேன். விதி என்றால் விதிதான் அவருக்கு. முடிஞ்சது. எல்லாம் முடிஞ்சது.

"தலைவர் அவர்களே, பேச அனுமதி வேணும்."

வக்கீல் எழுந்து நின்றாள். 

"பொதுமக்கள் பேசலாம். மூணு நிமிஷம்" என்று தலைவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"சார், குறிப்பேட்டுல ஒவ்வொரு தடவையும் என்ன எழுதியிருக்கீங்கன்னு கொஞ்சம் படிக்க முடியுமா?"

தலைவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினார். "போதிய உறுப்பினர் இல்லாததால் கூட்டம் நடைபெறவில்லை." அடுத்த பக்கம். "கூட்டம் நடைபெறவில்லை." அடுத்த பக்கம். முப்பத்தாறு பக்கம், ஒரே கையெழுத்து, ஒரே வரி.

"நடக்காத கூட்டத்துக்கு ஒருத்தர் எப்படி சார் வராம இருக்க முடியும்?"

எழுத்தர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்.

"அது அவரோட சொந்தக் குறிப்பு" என்றார் எழுத்தர். "ஆபீஸ் கணக்குல அது கூட்டம்தான்."

வக்கீல் பையைக் கவிழ்த்தாள். பழுப்பு உறைகள் மேஜைமேல் சரிந்தன. "இது உங்க ஆபீஸ் அனுப்பினது சார். முத்திரை உங்களோடது. ஒண்ணைத் தவிர எதையும் நாங்க பிரிக்கல. நீங்களே பிரிங்க."

எழுத்தர் ஒன்றைப் பிரித்தார். முதல் வரி: 'கடந்த கூட்டம் நடைபெறாததால், இக்கூட்டத்துக்கு அழைக்கப்படுகிறீர்கள்.' இரண்டாவதைப் பிரித்தார். அதே வரி. மூன்றாவதைப் பிரித்துப் பாதியில் நிறுத்திவிட்டு, விதிப்புத்தகத்தை மூடினார். பாவம், அவரே சிரித்துவிட்டார்.

ஒன்பது வருஷமாக நான் பிரிக்காமல் வைத்திருந்த அந்தச் சோம்பேறித்தனம்! அது மட்டும் இல்லையென்றால் அந்த உறைகள் என்றைக்கோ குப்பைக்குப் போயிருக்கும். இதை ஒரு தகுதியாகச் சொல்லிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். வக்கீல் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். வேண்டாம்.

மருந்துக்கடைக்காரர் மெதுவாகச் சொன்னார். "என் கையெழுத்துதான். கூட்டம் நடக்கலன்னு முப்பத்தாறு தடவை நானே எழுதியிருக்கேன். உறுப்பினர் உறுப்பினர்தான். கூட்டம் தொடங்கியது." பேனாவைத் திறந்து அந்தக் கடைசி வாக்கியத்தைக் குறிப்பேட்டில் எழுதினார். ஒன்பது வருஷமாக அவர் எழுதாத வாக்கியம்.

தீர்மானம்: திடலில் லாரி கூடாது. பிள்ளைகள் கேட்டபடி மாலை ஏழு மணி வரை திறந்திருக்கும். ஆதரிப்பவர்கள் கை தூக்கவும்.

நெஞ்சுக்குள் நாற்பது நிமிடச் சொற்பொழிவு, குகை முதல் சக்கரம் வரை, வரிசை கட்டி நின்றது.  கை மட்டும் போனது. தழும்பு தழும்பாக இருக்கிற இந்தக் கை. கூரையைத் துளைத்து, மேகங்களைக் கிழித்து, நிலவைத் தொட்டுவிட்டுத்தான் நின்றது.

மூன்று கை. பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் மாட்டியது. உடையவில்லை.

மார்ச் 28, சனி

ஏழு மணி வரை ஓடினாள். ஏழு மணிக்கு வந்து, என் தோளில் தலையை வைத்து மூச்சு வாங்கினாள்.

ஏப்ரல் 20, திங்கள்

டீச்சர் முழு மார்க் போட்டுவிட்டார். அறிக்கையை வக்கீல் காட்டினாள். குடிமக்கள் கருத்து என்ற பகுதியில் என் பூஞ்சை வசனம் முழுதாக இருக்கிறது. அடிக்குறிப்பு: 'கருத்துச் சொன்னவரும் கண்டிக்கப்பட்டவரும் ஒருவரே. அவர் பிறகு வந்தார்.'

ஜூன் 26, வெள்ளி

இதைக் கூட்ட அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கூட்டம் ஐந்து மணிக்கு. நான் வந்தது நாலரைக்கு. வேறு யாரும் இல்லை.

ஜன்னல் கண்ணாடியில் ஒன்பது வருஷ அழுக்கு. செய்தித்தாளை நனைத்துத் துடைத்தேன். இப்போது திடல் முழுவதும் தெரிகிறது. அவள் இப்போதுதான் உள்ளே வந்தாள். முதல் சுற்று.

இப்போது கதவு திறந்தது. மருந்துக்கடைக்காரர், கக்கத்தில் மெத்தை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன, சீக்கிரமே வந்துட்டீங்க?"

"அரை மணி ஆச்சு சார். இன்னும் பதினேழரை மணி நேரம் பாக்கி இருக்கு."

முப்பத்தாறு அரை மணியை விரல்விட்டுக் கணக்குப் போட்டார். பிறகு மெத்தையை என் நாற்காலியில் போட்டார்.