செப்புப் பெட்டியில் பூட்டிய மதகு

கரை நிலைக்க, கழனி செழிக்க. வெண்டுறை நாடாளும் வேந்தர் திருவாணைப்படி, ஆற்றுக்காவல் அமைச்சர் அரிமணவன் விடுக்கும் ஓலை. ஏந்தல்மேட்டுக் கோட்டைத் தலைவர் பூதஞ்சாத்தனார் காண்க. உம் குடி நலமே வாழ்க. வாழ்த்து இவ்வளவே, ஆறு ஏறுகிறது, உபசாரத்துக்கு நேரமில்லை.

தச்சுவேலை செய்யும் நல்லினியின் விரல்களை நாளை விடியலில் வெட்டப் பணித்தீராம். அரச முத்திரையை உடைத்தாள் என்பது குற்றம். உடைத்தது மெய்தான். ஏன் உடைத்தாள் என்பதை மட்டும் பூசி மெழுகிவிட்டீர்.

மூன்றாண்டுக்கு முன் அவள் தான் வகுத்த மதகின் அமைப்பை ஏழு ஏட்டில் கீறி ஊர்தோறும் கொடுத்தாள். யாரும் செய்யலாம், யாரும் மாற்றலாம். மாற்றியதைப் பிறர்க்குத் தருவோர் மாற்றிய விதத்தையும் மறைக்காமல் எழுதித் தரவேண்டும் என்பது ஏழாம் ஏட்டின் விதி. உம்முடைய தச்சர் அதில் ஓர் இரும்புத் தாழ் சேர்த்தனர். நல்ல வேலைதான், குறை சொல்லோம். ஆனால் நீர் ஏழாம் ஏட்டை உருவி எறிந்துவிட்டு, தாழைச் செப்புப் பெட்டியில் அடைத்து, அரச முத்திரை வாங்கிப் பன்னிரண்டு ஊருக்கு அனுப்பினீர்.

முந்தாநாள் குறுங்காவூரில் வெள்ளம் கரையைத் தொட்டபோது அந்தத் தாழ் சிக்கிக்கொண்டது. உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாமல் ஊரார் கையைப் பிசைந்துகொண்டு நின்றனர். நல்லினி கோடரியால் பெட்டியைப் பிளந்து, சிக்கிய பல்லை அராவி எடுத்தாள். மதகு திறந்தது, ஊர் பிழைத்தது. செய்த விதத்தை அன்றே ஏட்டில் எழுதி எமக்கும் அனுப்பினாள். ஐயோ, அந்தக் கைக்கா வெட்டு?

எவரும் எதுவும் செய்யலாமென்று கொடுத்த பொருளைப் பூட்டி வைக்கவும் உமக்கு உரிமை உண்டென்று நீர் வாதிட்டதாகத் தூதர் சொன்னார். உரிமை செய்பவனுக்கு மட்டுமன்று, கரையில் நிற்பவனுக்கும் உண்டு, அவனும் திறந்து பார்க்கத்தான் ஏழாம் ஏட்டை எழுதினேன் என்று அவள் விடையிறுத்தாளாம். அவள் சொன்னதே எமக்குச் சரியாகப் படுகிறது.

ஒன்றை மறைக்க மனம் ஒப்பவில்லை. பெட்டிகளின் மேலுள்ள முத்திரை எம் கையால் இட்டது. நீர் நீட்டியவை ஆறே ஏடுகள் என்பதைக்கூட எண்ணிப் பாராமல் இட்டுக் கொடுத்தோம். வெட்கமாயிருக்கிறது. விரல் போகத்தான் வேண்டுமெனில் முதலில் எம் விரல் போகட்டும்.

எஞ்சிய பதினோரு ஊரிலும் அதே தாழ்தான். ஆகவே அரச ஓலையைச் சுருட்டிக் கட்டி முடிச்சின்மேல் முத்திரை வைக்கும் மரபை இன்று விட்டோம். இவ்வோலை கட்டின்றி வருகிறது. வழியிலுள்ள அப்பதினோரு ஊரிலும் உரக்கப் படித்த பின்னரே, விடியுமுன் உம் கைக்குச் சேரும். நல்லினி எழுதிய ஏட்டின் படியும் ஊருக்கொன்றாய்க் கொடுக்கப்படும்.

ஆணை: நல்லினியை இக்கணமே விடுவிக்க, ஏழாம் ஏட்டை மீண்டும் சேர்க்க. நீர் இதைப் படிக்கையில் பெட்டிகள் உடைந்திருக்கும். உடைத்தவர்கள் அவளை அழைத்துப்போக உம் வாயிலில் நிற்கிறார்கள். கதவைத் திறவும்.

அமைச்சர் முத்திரை, ஓலையின் அடியில், எல்லோரும் காண.