இடது சுண்டு விரலுக்கான சொற்கள்

போன வாரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே பிட்சாக் கடை ஒன்று திறந்திருக்கிறார்கள். உள்ளே கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம். எனக்கு அங்கே என்ன வேலை? காய்கறிப் பையோடு தாண்டிப் போனேன். பலகையில் சிவப்பாக எழுதியிருந்த அந்த ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும், பையின் பிடியில் இருந்த என் இடது சுண்டு விரல் தானாக மூன்று முறை தட்டியது. இரண்டு இசட், ஒரு ஏ. டைப் அடிக்கும்போது ஐந்தெழுத்துச் சொல்லில் மூன்று எழுத்து அந்த ஒரே விரலுக்கு. நீ பார்த்திருந்தால் நடுரோட்டில் நின்று, “அடியே, சிக்கிருச்சுடி!” என்று கத்தியிருப்பாய். இதை உடனே உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதற்குப் பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது. நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை, அதற்குள் மறந்துவிட்டேன் பார்.

தொண்ணூற்றொன்றில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் நாம் அடுத்தடுத்த மெஷின்களில் உட்கார்ந்தோம். நான் சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருவேன், நீ பேகம்பூரிலிருந்து நடந்து வருவாய். உன் அத்தா தோல் மண்டியில் வேலை பார்த்தார், என் அப்பா தோட்டத்தில் கடலை போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் பிளஸ் டூ முடித்திருந்தோம். இங்கிலீஷ் இரண்டு பேருக்கும் ஏறாது. உனக்கு நிக்காஹ் அமைகிற வரை பொழுது போக வேண்டும். என் கதை வேறு. வேடசந்தூர் மில் பஸ் தினமும் எங்கள் ஊர் முக்கில் வந்து நிற்கும், அக்கா அதில்தான் போய்க்கொண்டிருந்தாள். அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: “ஒரு தடவைதான். பாஸானா ஆபீஸ் வேலை தேடு. இல்லாட்டி அக்கா கூட மில்லுக்குப் போற.”

என் சனியன் இந்த இடது சுண்டு விரல்தான். சிறு வயதில் கிணற்று ராட்டினத்தில் மாட்டி, கட்டுப் போட்டவர் புண்ணியத்தில் வளைந்தே கூடிவிட்டது. க்யூ, ஏ, இசட் மூன்றும் அந்த விரலின் பொறுப்பு. க்யூவும் இசட்டும் எப்போதாவது வருகிற விருந்தாளிகள். ஏ இல்லாமல் இங்கிலீஷில் ஒரு வரி நகராது. நான் அடித்த தாளைத் தூக்கிப் பார்த்தால் மற்ற எழுத்தெல்லாம் பளிச்சென்று இருக்க, ஏ வரவேண்டிய இடமெல்லாம் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். வேறு விரலால் அடித்தால் மாஸ்டர் ஸ்கேலால் மேசையைத் தட்டுவார். வேகம் போய்விடும் என்பார், அதுவும் உண்மைதான்.

நீ ஒரு நாள் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கம் ஏதோ எழுதிக்கொண்டு வந்தாய். வரும் வழியில் கண்ணில் பட்ட பலகைகளிலிருந்து பொறுக்கிய சொற்கள், எல்லாமே என் விரலுக்கானவை. பஜார் என்பதை இங்கிலீஷில் எழுதினால் ஆறெழுத்தில் நாலு எனக்கு. அதைக் கண்டுபிடித்த அன்று நீ நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே! டீத்தூள் அட்டையிலிருந்து குவாலிட்டி, தபால் ஆபீஸ் சுவரிலிருந்து கெஜட். டிக்‌ஷனரி இரவல் வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். “அதுல பூராமும் இருக்கும், தேடுறதுக்கு என்ன இருக்கு? கண்ணால பாத்த சொல்லுதான் கணக்கு” என்றாய். அர்த்தம் தெரியாத சொல் பாதிக்கு மேல். உரமூட்டையில் பார்த்த ஒன்றை நான் இருநூறு தடவை அடித்தேன், அது என்னவென்று இன்று வரை எனக்குத் தெரியாது.

மூன்று மாதம் இப்படியே போனது. விரலுக்குத் தெம்பு வந்ததும் நிஜம். பிறகு மாஸ்டர் மாதிரிப் பரீட்சை வைத்தார். பாசனத்தைப் பற்றிய ஒரு பத்தி. அதில் ஓர் இசட் இல்லை, ஒரு க்யூ இல்லை. மேலும் கீழும் தாவிப் பழகிய என் விரல், சும்மா இருந்த இடத்தில் அழுத்த வேண்டிய ஏ-யைக் கண்டு திகைத்துப்போய் ஒவ்வொரு தடவையும் தப்பான கட்டையில் விழுந்தது. மாஸ்டர் தாளில் போட்ட சிவப்பு வட்டங்களை எண்ணவே பயமாக இருந்தது.

அன்று படிக்கட்டில் வைத்து உன்னிடம் நான் பேசிய பேச்சு இப்போதும் குத்துகிறது. “உனக்கென்ன, விளையாட்டு. நாளைக்கே நிக்காஹ் ஆகி நீ பாட்டுக்குப் போயிருவ. எனக்கில்ல மில் பஸ்ஸு நிக்குது!” நீ துப்பட்டாவைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு இறங்கிப் போனாய். மூன்று நாள் வரவில்லை. நல்லதாகப் போயிற்று என்று முதல் நாள் நினைத்தேன், மூன்றாம் நாள் அழுதேன்.

நாலாம் நாள் வந்தாய். மாஸ்டரிடம் பழைய கேள்வித்தாள்களைக் கெஞ்சி வாங்கிப் போயிருக்கிறாய், அது எனக்குத் தெரியாது. எல்லாவற்றிலும் ஏ-க்களைச் சுழித்து வைத்திருந்தாய். “நாந்தான் கிறுக்கி. கிடைக்காத எழுத்தாத் தேடித் திரிஞ்சேன். பரீட்சையில அது வரவே இல்ல புள்ள, ஏ-தான் அம்புட்டும்” என்றாய். நான் கோபித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சொற்களை இரண்டு கூறாகப் பிரித்திருந்தாய். முதல் கூறில் ஏ தவிர மற்ற எல்லா எழுத்தும் வலது கைக்கு: பிளான், மெயில், அனிமல், மேனுவல். “இடது கைக்கு இதுல செத்த நேரம் மூச்சு விட முடியும். நிதானமா ஓங்கி அடி.” பழனி பஸ்ஸின் பெயர்ப்பலகையும் அதில் இருந்தது. ஊர்ப் பெயர் செல்லாது என்றேன். “முருகன் கோவிச்சுக்கப் போறாரு, பேசாம அடி” என்றாய். அது சரியாக வந்த பிறகு இரண்டாம் கூறு, எல்லா எழுத்தும் இடது கைக்கே வருகிறவை: வாட்டர், ஸ்டேட், கிரேட், ஆவரேஜ். உயிரை வாங்கின சொற்கள். மாஸ்டர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, இருபது வருடமாக இது தனக்குத் தோன்றவில்லையே என்றார்.

நாம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பரீட்சைக்குப் பணம் கட்டினோம், அடுத்தடுத்த நம்பர் வந்தது. அதற்குள் ஆம்பூர் மாப்பிள்ளை வீட்டார் நாள் குறித்துவிட்டார்கள், பரீட்சைக்கு நான்கு நாள் முன்னால். கடைசியாக இன்ஸ்டிடியூட்டுக்கு வந்த அன்று ஹால் டிக்கெட்டைப் பைக்குள் வைத்தபடியே சொன்னாய்: “எங்க அத்தாகிட்ட கேட்டுப் பாத்தேன். எழுதி என்ன செய்யப் போறன்னுட்டாரு.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். பிறகு, “எம்மேசை காலியாத்தான் கிடக்கும். அதப் பாத்து மூக்கச் சிந்தாத, தாளப் பாரு” என்றாய்.

பார்த்தேன், தாளைத்தான் பார்த்தேன். நிலத்தடி நீரைப் பற்றிய பத்தி. வாட்டர் மட்டும் ஏழு தடவை வந்தது. மணி அடித்த பிறகே பக்கத்து மேசையைத் திரும்பிப் பார்த்தேன். உன் நம்பர் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது.

பாஸானேன். வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன், இன்றும் அங்கேதான். மெஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, ஏ-க்கு இப்போது ஓங்கி அடிக்க வேண்டியதில்லை. மில் பஸ்ஸில் நான் ஒரு நாளும் ஏறவில்லை. பிறகு உன்னைப் பார்த்தது மூன்றோ நான்கோ தடவை, எல்லாம் கல்யாண வீடுகளில். பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம், தைராய்டைப் பற்றிப் பேசினோம். நன்றி என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. நமக்குள் அதென்ன என்று இருந்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும். என் வாழ்க்கை நீ போட்டுக் கொடுத்த வழியில் வந்தது, அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

நீ போன நான்காம் நாள், கடைசி நாட்களில் நீ வந்து தங்கியிருந்த பேகம்பூர்த் தாய்வீட்டுக்கு வந்திருந்தேன். உன் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிளஸ் டூ எழுதியிருக்கிறாள், பேச்சு உன்னைப் போலவே வேகம்.

“ஆன்ட்டி, அம்மா டைப்ரைட்டிங் பாஸ் பண்ணவங்கதானே? உங்க கூடத்தான் எழுதினாங்களாம். சர்ட்டிபிகேட் எங்கயோ தொலைஞ்சு போச்சுன்னு சொல்லுவாங்க. நான் காலேஜ் போகக் கூடாதுன்னு அத்தா சொன்னப்ப, ‘நானே பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணவ, எம்மக படிக்கக் கூடாதா’ன்னு ஆஸ்பத்திரிக் கட்டில்ல உக்காந்துக்கிட்டு சண்டை போட்டாங்க. அதுக்கப்புறம்தான் அத்தா சரின்னாரு.”

வாசல் பக்கம் நின்றிருந்த உன் வீட்டுக்காரரும் என்னைப் பார்த்தார்.

“ஆமா கண்ணு” என்றேன். “என் பக்கத்து நம்பர். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் பாஸானோம்.”

குரல் துளியும் தடுமாறவில்லை. அடுத்த மாதம் அவள் கல்லூரியில் சேருகிறாள். யார் வந்து கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும், நான் இதையேதான் சொல்வேன்.